ஓரத்தில் கொஞ்சம் இடம்

திருப்பாடல்கள் கேட்பதற்காக மதலேன் லேப்டாப்பில் ஏற்றிய இலவசச் செயலியோடு ஒரு விளம்பரப் பட்டையும் வந்து ஒட்டிக்கொண்டது. பிரான்சில் வசிக்கும், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்த தம்பி லூயி வீடியோவில் அழைத்தால், அது சரியாக அவன் முகத்தை மறைத்தது.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கமலக்கண்ணன் வந்து, மறுபடி மறுபடி அதை நீக்கினான். நெட்டைத் துண்டித்தும் பார்த்தான். பட்டை திரும்பி வந்தது.

“இது போற மாதிரி தெரியல ஆன்ட்டி. புதுசு வாங்கிடுங்க.”

“விடுப்பா. அதுக்குப் போக எடம் இல்லையோ என்னவோ” என்று மதலேன் அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள்.

ஞாயிறு மதியம் லூயி அழைத்தான். பூசையில் பெஞ்சில் பக்கத்திலிருப்பவரிடம் சொல்வதுபோல மதலேன் அந்தப் பட்டையிடம், “கொஞ்சம் தள்ளி உக்காருப்பா, தம்பி மொகத்தப் பாக்கணும்” என்றாள். பட்டை மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது.

லூயி இளைத்திருந்தான், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. மதலேன் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

“ஏன்க்கா சோபா ஓரத்துல உக்காந்திருக்க?”

“இந்த வெளம்பரப் பட்டையும் பக்கத்துல உக்காந்து ஒன்னப் பாக்கட்டும்னுதான்டா.”

லூயி அவளுக்குப் பக்கத்திலிருந்த காலி இடத்தைப் பார்த்து, மரியாதையாகத் தலையசைத்து, “போன்ழூர் முசியே” என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னான்.