கரைக்கு அந்தப் பக்கம்

படகு மறுபடியும் கரையைத் தொடாமல் திரும்பிப் போனது.

கண்மாய்க் கரையில் கூடி நின்ற ஊர் சிரித்தது. தங்கப்பொண்ணு சிரிக்கவில்லை. சிரிக்கிற அளவுக்குக்கூட அவள் அந்த ஆளை மதிக்கவில்லை.

வெள்ளைத்துரை அவள் புருசன். பாதி ஆயுசைக் கப்பலில் கழித்துவிட்டு, போன சித்திரையில்தான் நாகமலை அடிவாரத்து ஊருக்கு ஒரேயடியாக வந்து சேர்ந்தான். வந்த நாளிலிருந்து எதுவும் அவனுக்கு ஒப்பவில்லை. சோறு ஒப்பவில்லை, ஆட்கள் ஒப்பவில்லை, அவள் நடக்கிற நடை ஒப்பவில்லை. ஐப்பசி மழையில் கண்மாய் பெருகி மறுகால் போனதும், தூத்துக்குடியிலிருந்து இந்தப் பாய்மரப் படகை லாரியில் கொண்டுவந்து இறக்கினான். எவனோ ஒரு வெள்ளைக்காரன் தனியாகக் கடல் சுற்றிய படகாம். உள்ளே படுத்துக்கொள்ள அறைகூட இருந்தது.

"கூட நான் வரட்டுமா மச்சான்?" என்று காலையில் அவள் தம்பி முத்திருளன் கேட்டான்.

"மாடு பத்துற பயலுக்குப் படகுல என்னடா வேலை? ஒத்தையாப் போயி ஒத்தையா வாரேன், பாரு."

போவதில் சிரமமில்லை. காற்றே தள்ளிக்கொண்டு போனது. கரை சேர்வதில்தான் வந்தது வினை.

சுக்கானைப் பிடித்தால் பாயை இறக்க முடியவில்லை. பாயை இறக்கப் போனால் சுக்கான் தன்னிஷ்டத்துக்குத் திரும்பியது. பாய்க்கயிறு உருளையில் சிக்கிக்கொள்ள, அதை எடுத்துவிட எழுந்து ஓடியவனின் முதுகில், பாயின் அடிக்கட்டை சுற்றி வந்து ஒரு போடு போட்டது.

அவனுக்கு மூணாவதாக ஒரு கை வேண்டியிருந்தது.

தங்கப்பொண்ணுக்கு அது புதுசில்லை. இடுப்பில் பிள்ளையும் கையில் மண்வெட்டியுமாக, கொட்டுகிற மழையில் உடைந்த வரப்பை அடைத்தவள். ஊர் வந்து சேர்ந்து அந்தக் கதையைக் கேட்டவன், "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டான். அன்றோடு அவனிடம் அவள் எதையும் சொல்வதில்லை.

கடைசியில் கயிற்றைக் கத்தியால் அறுத்தான். பாய் மொத்தமும் அவன் தலையில் விழுந்து மூடியது. படகு நேராக மடைக் கல்லைப் பார்த்து வந்தது. பாய்க்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, படகைக் கரையில் கட்டுகிற கயிற்றை வீசியது.

"ஏய், தங்கப்பொண்ணு. பிடிச்சுக் கட்டு."

கயிறு அவள் காலடியில் விழுந்தது. விட்டால் படகு கல்லில் மோதிப் பிளந்துவிடும். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து எடுத்து, மாட்டைக் கட்டுவது மாதிரி கருவேல மரத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

சேறு வடியக் கரையேறி வந்தான் வெள்ளைத்துரை.

"எப்படி? ஒத்தையாவே கொண்டாந்துட்டேன் பாத்தியா?"

"நேரமாச்சு, வேலைக்குப் போறேன்."

"உனக்கென்ன வேலை?"

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையின் மறுபக்கம் இறங்கினாள். கீழே நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். நாற்றுமுடியை எடுத்துக் கொடுத்த வயல்காரன் அவள் முகத்தைப் பார்க்கக் கூசித் தலையைக் குனிந்துகொண்டான்.

படகு வாங்குவதற்காக, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், போன மாசம் வெள்ளைத்துரை அவனுக்கு விற்ற வயல் அது.

ஊர் மொத்தமும் படகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றது.