முன் அனுமதி, பின் தகவல்

மாநகராட்சித் தொடர்பு அலுவலர் மணியை அடித்தாள்.

மன்றத் தலைவி பேச்சை நிறுத்தவில்லை.

குடியிருப்போர் மன்றக் கூட்டங்களில் ஒருவர் இரண்டு நிமிடங்கள்தான் பேசலாம் என்பது மாநகராட்சி விதி. பதவியைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும், உறவுமுறை கூடாது என்பது இன்னொன்று. இரண்டாவதை எழுதியவள் இந்தத் தொடர்பு அலுவலரேதான். ‘அண்ணன் சொன்னதை அக்கா எதிர்த்தார், மாமா வழிமொழிந்தார்’ என்று ஒரு மன்றத்திலிருந்து கூட்டக் குறிப்பு வந்து சேர்ந்த பிறகு வேறு வழியிருக்கவில்லை.

இன்று அவள் கொண்டுவந்திருந்தது புது விதி. மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் எதை ஒட்டுவதானாலும் மாநகராட்சியின் முன் அனுமதி வேண்டும்.

மற்ற மன்றங்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டன. இது ஒன்றுதான் பாக்கி. இன்றும் மறுத்தால் அங்கீகாரம் ரத்து. பலகையும் போகும், இந்தக் கூடமும் போகும்.

“அந்தத் தலைவியைச் சமாளிக்க உங்களை விட்டா ஆளில்லை” என்று சிரித்தபடிதான் மேலதிகாரி அனுப்பிவைத்தார். அவளுக்கும் அதில் சந்தேகமில்லை.

“சோதனைக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்கன்னு சொன்னீங்களேன்னு போன மாசம் நாங்களும் அனுமதி கேட்டோம் மேடம்” என்றார் தலைவி. “நாளைக்குத் தண்ணி வராதுன்னு ஒட்டறதுக்கு. தண்ணி நின்னு, திரும்ப வந்து, அப்புறமா உங்க அனுமதி வந்துச்சு. குளிக்காம அலைஞ்சவங்க எல்லாம் இதோ உக்காந்திருக்காங்க.”

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

மறுபடி மணி. தலைவி மூச்சு வாங்கக்கூட நிறுத்தவில்லை.

“அம்மா, ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு!”

சொன்ன பிறகுதான் உறைத்தது. சிரிப்பு இன்னும் பலமானது. “அதையும் குறிப்புல ஏத்துங்கப்பா” என்று பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார் மருந்துக் கடைக்காரர்.

அவள் அசரவில்லை. எழுந்து நின்றாள்.

“இது உங்க நன்மைக்குத்தான். தப்பான செய்தி பரவக் கூடாதுன்னு எல்லாரும் கலந்து பேசி எடுத்த முடிவு.”

“காதைத் தொடாம சொல்லுங்க மேடம்” என்றார் தலைவி.

விரல்கள் இடது காதுமடலில் இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். கையை இறக்கினாள்.

இறக்கிய பிறகு அந்த வாக்கியம் திரும்ப வாயில் வரவில்லை.

யாரும் கலந்து பேசவில்லை. ஏதோ ஒரு பலகையில் யாரோ ஒட்டிய கேலிச்சித்திரம் மேயருக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

கூட்டத்திலேயே திருத்தம் செய்யும் அதிகாரம் அவளுக்கு உண்டு. இதுவரை அதைத் தொட்டதில்லை. பேனாவைத் திறந்து, ‘முன் அனுமதி’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘பின் தகவல்’ என்று எழுதினாள். ஒட்டிவிட்டுச் சொன்னால் போதும்.

மற்ற மன்றங்களும் இதையே கேட்கும். கேட்கட்டும். மேலதிகாரியும் கேட்பார். அவருக்கும் பதில் சொல்லலாம், காதைத் தொடாமல்.

தலைவி இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

கூட்டம் கலைந்தது. வெளியே அவளுடைய ஸ்கூட்டர் அருகே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார் தலைவி.

“வீட்டுச் சாவி உன்கிட்டதானேடி இருக்கு? காலைல சாப்பிடக்கூட செய்யாம ஓடிட்ட.”

மணியைப் பைக்குள் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினாள். பின்னாலிருந்து பேச்சு தொடங்கியது. தண்ணீர், பலகை, மேயர், மகள் தலையை ஒழுங்காக வாராமல் கூட்டத்துக்கு வந்தது.

தெருமுனை வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது பைக்குள் மணி ஒலித்தது.

அம்மா பேச்சை நிறுத்தவில்லை.