பத்துக்கு எவ்வளவு?

சுப்பம்மா பொய் சொல்கிறாள் என்பதில் டாக்டர் காமாக்ஷிக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

"பதினோரு நாளா தினமும் பத்து. அப்படி வலிச்சா ஒருத்தி சிரிச்சுண்டு கதை பேசுவாளா ரத்னா? மருந்துக்கு ஆசைப்பட்டு சொல்றா. ஆராய்ச்சிப் பட்டியல்லேர்ந்து அவ பேரை எடுத்துடு."

ரத்னா நர்சிங் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே, புற்றுநோயாளிகளின் வலியைப் பற்றி பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். காமாக்ஷிதான் கைடு. வலியை அளப்பது எப்படி என்று புத்தகமே எழுதியவர். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்க முடியாவிட்டால் பத்து. நோயாளி சொல்லும் எண்ணைப் பார்த்துத்தான் மார்ஃபினைக் கூட்டுவார்கள். 1996-ல் அந்த மருந்து லேசில் கிடைக்காது. அடையாறு பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு இந்த ஆராய்ச்சிக்கென்றுதான் வந்தது. பட்டியலில் பெயர் போனால் மருந்தும் போச்சு. சுப்பம்மாவுக்கு இதுவரை கூட்டவும் இல்லை. நம்பினால்தானே கூட்டுவதற்கு?

சுப்பம்மா ஊரூர் குப்பத்தில் மீன் விற்றவள். மார்பில் ஆறாத புண். தினமும் காலையில் ரத்னாதான் கட்டைப் பிரித்துத் துடைத்து, புதுக் கட்டு போடுவாள். அந்த நேரம் முழுக்க சுப்பம்மா, பெசன்ட் நகர் மாமிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வஞ்சிரம் என்ன விலை என்று கேட்பதை வேடிக்கையாக நடித்துக் காட்டுவாள். பக்கத்துக் கட்டில்காரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கட்டி முடித்ததும் ரத்னா நோட்டைத் திறந்து, "பத்துக்கு எவ்வளவுக்கா?" என்பாள். பத்துக்குப் பத்து என்று பதில் பட்டென்று வரும்.

ஒரே ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள் மேடம் என்று ரத்னா கெஞ்சினாள். காமாக்ஷி மறுநாள் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

கட்டு பிரிந்தது. கதையும் வந்தது, சிரிப்பும் வந்தது. 'நான் சொன்னேனே' என்பது போல் காமாக்ஷி ரத்னாவைப் பார்த்தார். "பத்துக்கு எவ்வளவும்மா?" என்று அவரே கேட்டார். அதே பத்து.

"யோசிச்சு சொல்லும்மா. பொய் சொன்னா இந்தப் பொண்ணோட படிப்புதான் கெட்டுப்போகும்."

சுப்பம்மாவுக்கு வந்ததே கோபம்.

"நா இன்னாத்துக்கு டாக்டரம்மா பொய் சொல்றேன்? இந்தப் பொண்ணு தன் படிப்புக்குன்னு கைநாட்டு வாங்கும்போதே சொல்லிச்சு. தெனம் வேலைய முடிச்சிட்டு மார்க்கு கேட்டுக்கினு நிக்குது. புண்ணு நாத்தத்துக்கு என் மருமவளே கிட்ட வர்றதில்ல. இது மூஞ்சி சுளிக்காம தொடைச்சி வுடுது. இதுக்குப் போயி மார்க்கு கொறச்சிப் போட்டா கடலம்மா என்னைய சும்மா வுடுவாளா?"

ரத்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் விளக்கம் சொன்னதோடு சரி. அதன்பிறகு ஒரு நாள்கூட 'வலி' என்ற வார்த்தையை அவள் கேள்வியில் சேர்க்கவில்லை. புத்தகம் எழுதியவரும் இப்போது சேர்க்கவில்லை.

காமாக்ஷியின் குரல் இறங்கிவிட்டது. "மார்க் இருக்கட்டும்மா. வலி எவ்வளவு இருக்கு?"

"அதுவா? அத யாரும் கேக்கலியே." சுப்பம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஒம்போது கீதும்மா. கட்டு பிரிக்கசொல்லோ அதுக்கும் மேல."

காமாக்ஷி எழுந்து நின்றுவிட்டார். முப்பது வருஷமாக வலியை அளந்தவர், இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை. கோயிலில் நிற்பது போல அவர் கைகள் தாமாகக் குவிந்தன. பிறகு பட்டியலை வாங்கி, சுப்பம்மா பெயருக்கு நேரே மருந்தின் அளவைக் கூட்டி எழுதினார்.

ரத்னா சுப்பம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"அவ்ளோ வலியை வச்சுக்கிட்டு எப்படிக்கா சிரிச்சீங்க?"

"மொத நாளு நா கத்தசொல்லோ உன் கை நடுங்கிச்சி கண்ணு. அதான் மறுநாள்லேர்ந்து சிரிக்க ஆரம்பிச்சேன்."