"என்ன சொல்றாரு அக்கா?"

அக்கா சொன்ன பதிலுக்கு எழுந்த கைதட்டல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடிக்கும் அந்தக் கூடத்தில் நாற்பது பேரும் சேர்ந்து தட்டினார்கள். "சோம்பேறிக் கழுதைங்களா" என்று திட்டி முடித்திருந்த மேனேஜருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

"திட்டினா கை தட்டுதுங்க. என்ன ஜென்மங்களோ!" என்றார், பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளரிடம்.

அவள் மரக்கட்டை மாதிரி நின்றாள். நாற்பது பேரும் ஐந்து நாட்டுக்காரர்கள். வேலைக்குச் சேரும்போது ஒருவருக்கும் மேனேஜரின் மொழி தெரியாது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது மொழி அவளுக்கு வரும். அந்த ஒரு தகுதிக்குத்தான் அவளுக்கு இந்த வேலை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனுக்கு இந்த வேலையை விட்டால் மருந்து கிடையாது.

முதல் நாளே மேனேஜர் கழுதை என்றார். அதை அப்படியே சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "பிரமாதமா வேலை செய்யறீங்களாம்" என்று சொல்லிவைத்தாள். நாற்பது முகமும் மலர்ந்தது. வேலையும் மளமளவென்று நடந்தது.

அந்தப் பொய்க்கு இப்போது நாலு வயது. எல்லாம் தன் வாய்க்குப் பயந்துதான் நடக்கிறது என்று மேனேஜர் மீசையை முறுக்கிக்கொண்டார். அவளுக்கோ ஆரம்பத்தில் பயமாவது இருந்தது. இப்போது அதுவும் மரத்துப்போய்விட்டது.

"இஸ்திரி மெஷினை எவன் ஓடவிட்டுட்டு வந்தான்? கரண்ட் என்ன அவன் அப்பன் வீட்டுதா?" மேனேஜர் மறுபடி இரைந்தார்.

அவள் வாயைத் திறப்பதற்குள், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிறவன் போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து வரிசையில் நின்றான்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "முக்கியமான விஷயம். மாசக் கடைசியோட இந்தக் கூடத்தை மூடறோம். எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பலாம். நீயும்தான். சொல்லு அவங்ககிட்ட."

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. புருஷனின் மருந்துப் புட்டி ஒரு முறை கண்ணில் வந்து போனது.

"என்ன சொல்றாரு அக்கா?" என்றான் நெட்டை.

"உங்கள மாதிரி ஆளுங்க கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணுமாம்." பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மறுபடியும் கைதட்டல். இந்தத் தடவை அது நிற்கவே இல்லை. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார்.

உடை மாற்றும் அறையில் அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். மடிப்பு மேஜையில் எல்லோருக்கும் மூத்தவளான பெரியக்கா வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

"பெரியக்கா, நான் பாவி. இந்த இடத்தை மூடப்போறாங்க. அதைக்கூட மறைச்சுட்டேன்" என்றாள் அவள். "நாலு வருஷத்துல அந்த ஆள் சொன்னதுல ஒரு வார்த்தையைக்கூட நான் உங்ககிட்ட ஒழுங்கா சொன்னதில்ல."

"தெரியும்மா. அவர் பாஷை எங்களுக்குப் புரிய ஆரம்பிச்சு மூணு வருஷமாச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம் ஏன் ஒருத்தர்கூட வாயைத் திறக்கல?"

பெரியக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திறந்திருந்தா உன் வேலை அன்னிக்கே போயிருக்குமே!"