அந்த ஆள் உள்ளே வரக்கூடாது

"பழைய சாவியைப் போட்டா இந்தக் கதவு திறக்கவே கூடாது. புரியுதா தம்பி?"

வீட்டுக்காரம்மா சொன்னதைக் கேட்டபடி பூட்டுக்காரர் கருவிப் பையைத் தரையில் வைத்தார். ஐம்பதைத் தாண்டியவனைத் தம்பி என்று கூப்பிட இன்னும் ஓர் ஆள் இருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

"சாவி தொலைஞ்சு போச்சாக்கா?"

"தொலையல. ஒரு ஆள்கிட்ட இருக்கு. அந்த ஆள் இனிமே உள்ள வரக்கூடாது. அவ்வளவுதான்."

திருப்புளியை எடுத்த கை அப்படியே நின்றது.

"வெளி ஆளா, வீட்டு ஆளா?"

"வீட்டு ஆளுதான். வருஷக்கணக்கா இந்த வீடே கதின்னு கிடக்குற ஆளு."

"மகனா?"

வீட்டுக்காரம்மா சிரித்தார். "சொன்னா நீங்க வேலையைப் போட்டுட்டுப் போயிடுவீங்க. முதல்ல கழட்டுங்க."

பூட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. பச்சை வண்ணம் அடித்த கதவு. கைபட்டுக் கைபட்டுப் பூட்டைச் சுற்றி மட்டும் வண்ணம் போய் மரம் தெரிந்தது. எத்தனை வருஷம் எத்தனை கைகள் திறந்த கதவோ! பக்கத்தில் ஒரு பெட்டி, கயிறு கட்டித் தயாராக இருந்தது.

"துணிமணியைக்கூட மூட்டை கட்டி வாசலுக்குக் கொண்டாந்துட்டீங்க போல."

"நானேதான் மடிச்சு வெச்சேன். கம்பளியும் வெச்சிருக்கேன். போற இடம் குளிருமாம்."

"இவ்வளவு பாசம் இருக்குல்ல? அப்புறம் என்னத்துக்கு இந்தப் பிடிவாதம்? அப்படி என்னதான் பண்ணிடுச்சு அந்த ஆளு? குடியா?"

"குடியா இருந்தாக்கூட காலையில தெளிஞ்சிடும் தம்பி. இது பயம்."

வீட்டுக்காரம்மா கூடத்து மூலையைக் கை காட்டினார். அங்கே ஒரு தையல் மிஷின், துணி போர்த்தி நின்றது.

"அதுல உட்கார்ந்தா கந்தலும் ராஜா உடுப்பாகும். அப்படி ஒரு கை அந்த ஆளுக்கு. ஊர் ஊராப் போற நாடகக் குழு ஒண்ணு, உடுப்புத் தைக்க வான்னு கூப்பிட்டு விட்டாங்க. வாரம் ஒரு ஊரு, புதுசு புதுசா மேடை. சின்ன வயசுலேர்ந்து கனவு கண்டது. கசக்குதா? ரெண்டு தடவை கிளம்பியாச்சு. ரெண்டு தடவையும் ரயிலடி வரைக்கும் போயிட்டு, அடுப்பை அணைச்சோமா, குழாயை மூடினோமான்னு ஒரு சாக்கைச் சொல்லித் திரும்பி வந்து, கதவைத் திறந்து குப்புறப் படுத்தாச்சு."

"ஐயோ பாவம்."

"இதுல என்ன பாவம்? இன்னைக்கும் வரலைன்னா வேற ஆள் பார்த்துக்குறோம்னு சொல்லிட்டாங்க. பழைய சாவிக்கு இந்தக் கதவு திறந்துக்கிட்டே இருக்குற வரைக்கும் அந்த ஆள் எங்கேயும் போகாது."

"கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாம்லக்கா. சின்னப் பிள்ளைங்க..."

"சின்னப் பிள்ளையா! ஏழு கழுதை வயசாச்சு."

பூட்டுக்காரர் பெருமூச்சுடன் பூட்டைக் கழற்றினார்.

"எங்கப்பாவும் என்னை ஒரு நாள் உள்ள விடலக்கா. தட்டித் தட்டிக் கையே வீங்கிடுச்சு. அந்த வீம்புலதான் பூட்டு வேலை கத்துக்கிட்டேன்."

"பார்த்தீங்களா! கதவு திறக்காததால உங்களுக்கு ஒரு தொழிலே கிடைச்சிருக்கு."

வீட்டுக்காரம்மா உள்ளே போய் ஒவ்வொரு சன்னலாகச் சாத்தும் சத்தம் கேட்டது. பூட்டுக்காரர் பூட்டைத் திறந்து உள்ளிருந்த தகடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அரத்தை எடுத்தார்.

வாசலில் வண்டி வந்து நின்றபோது பூட்டு மறுபடி கதவில் ஏறியிருந்தது. வண்டியிலிருந்து இறங்கிய வீட்டுக்காரம்மாவின் மகள் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தாள்.

"ஆச்சுக்கா. மூணு சாவி."

வீட்டுக்காரம்மா வாங்கிய கையோடு மகளிடம் கொடுத்தார். "உன் வீட்டுலயே இருக்கட்டும். அந்த ஆளு அழுது புரண்டு கேட்டாலும் குடுத்துடாதே."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். கதவைச் சாத்திப் பூட்டினாள்.

"இருடி, சோதிச்சுப் பார்த்துடலாம்" என்று சொல்லி, கழுத்துக் கயிற்றில் தொங்கிய ஒரு தேய்ந்த சாவியை வீட்டுக்காரம்மா வெளியே எடுத்தார். பூட்டில் நுழைத்துத் திருப்பினார். கதவு வெண்ணெய் மாதிரி திறந்துகொண்டது.

பூட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்கக்கா. உள்ள நான் எதையும் மாத்தல. தகட்டைப் பார்த்துப் பழைய சாவி மாதிரியே மூணு அராவிக் குடுத்துட்டேன். திரும்பி வந்தா அந்தப் பிள்ளை வாசல்ல நிக்கக் கூடாதேன்னுதான்..." என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். "ஆமா, அந்தச் சாவி உங்க கழுத்துக்கு எப்படி வந்துச்சு?"

"அந்தப் பிள்ளைக்கு அறுபத்திரண்டு வயசாகுது தம்பி. நிக்கட்டும், ஒண்ணும் தேய்ஞ்சு போயிட மாட்டேன்."

பூட்டுக்காரர் அவரையும் மூலையில் இருந்த தையல் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையில் போட்ட திருப்புளியை மறுபடி எடுத்துக்கொண்டு, "ரயிலைப் பிடிச்சிடலாம்க்கா, ஒரு பத்து நிமிஷம் குடுங்க. இந்தத் தடவை நீங்க இல்ல, நானே வந்தாலும் திறக்காது!" என்று கதவின் முன் மண்டியிட்டார்.