இன்னும் கொஞ்சம் பெருசா

"மாமா, மறுபடியும் எழுத்தைப் பெருசு பண்ணிட்டீங்களா?"

போனில் ரஞ்சனியின் குரலில் கோபம்கூட இல்லை. வெறும் அலுப்புதான் இருந்தது.

"கொஞ்சூண்டுதாம்மா" என்றார் வரது.

ரஞ்சனி தென்னூரில் ஒரு சின்ன வெப்சைட் கம்பெனியில் டிசைனர். வரது ஸ்ரீரங்கத்தில் கல்யாணச் சீர் பட்சணம் செய்து கொடுப்பவர். முறுக்கு, அதிரசம், மனோகரம் எல்லாமே அவர் மனைவி ஹம்ஸாவின் கைப்பக்குவம்.

ஆர்டர் பிடிக்க ஒரு வெப்சைட் வேண்டுமென்று வந்தார். இழுத்து வைத்தால் உட்காரும், தட்டினால் மாறும், அப்படியொரு சாஃப்ட்வேரில் ரஞ்சனி லட்சணமாகப் போட்டுக் கொடுத்தாள். கூடவே பாஸ்வேர்டையும் கொடுத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சும்மா கொடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பாடமே எடுத்தாள். எதை மாற்றுவதானாலும் முதலில் அந்தப் பக்கத்தை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ரெண்டு கலருக்கு மேல் வேண்டாம். படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடுங்கள். போனில் எப்படித் தெரிகிறது என்று பார்க்காமல் பப்ளிஷ் கொடுக்காதீர்கள். எழுத்தின் அளவை ஒவ்வொரு இடமாக மாற்றிக்கொண்டு கிடக்காதீர்கள், செட்டிங்கில் ஒரு தடவை மாற்றினால் எல்லாப் பக்கமும் மாறிவிடும்.

மனுஷர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி ஒன்றைத்தான்.

வாரம் தவறாமல் எழுத்து ஒரு சுற்று பெருத்தது. ஒருநாள் சாயங்காலம் ரஞ்சனியே உள்ளே போய்க் குறைத்து வைத்தாள். காலையில் பார்த்தால் பழையபடி பெருத்திருந்தது. படங்களெல்லாம் எங்கோ கீழே போய்விட்டன. போனில் திறந்தால் 'மனோகரம்' என்ற ஒரே சொல் இரண்டு வரியாக உடைந்து நின்றது.

"இப்படி இருந்தா யாரு மாமா ஆர்டர் குடுப்பாங்க?"

"ஆர்டர் குறைஞ்சுண்டுதாம்மா இருக்கு."

"தெரிஞ்சேவா பண்றீங்க? பெருசா வேணும்னா ரெண்டு விரலை வச்சு விரிச்சுப் பாத்துக்கலாமே!"

"அதெல்லாம் சரிப்படாது. திறந்த உடனே தானாத் தெரியணும்."

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். இந்த மாதிரி ஆட்களுக்கு எதற்கு டிசைனர் என்று ரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கென்று முதலாளி கலீல் பாய், புதிதாக வந்த கஸ்டமரிடம் மாதிரி காட்டுகிறேன் என்று இந்த சைட்டைத் திறந்துவிட்டார். கஸ்டமர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

"என்னம்மா இது, பஸ் ஸ்டாண்டு போர்டா? அடியில நம்ம கம்பெனி பேரு வேற இருக்கு" என்றார் கலீல் பாய். "நேர்ல போயி விஷயத்தைச் சொல்லிட்டு பாஸ்வேர்டை மாத்திட்டு வந்துடு. இனிமே நாமதான் அதைத் தொடணும். ஒத்துக்கலைன்னா வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடு."

பஸ்ஸில் நின்றுகொண்டே காவிரிப் பாலம் தாண்டி, சித்திரை வீதியில் வெயிலில் நடந்து போய்ச் சேர்வதற்குள் ரஞ்சனிக்குத் தலைவலியே வந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் வாசலிலேயே வரதுவின் முகம் செத்துவிட்டது.

"வேற என்ன வேணும்னாலும் செய்யும்மா. அந்தப் பாஸ்வேர்டை மட்டும் எங்கிட்டேர்ந்து வாங்கிடாதே."

"உங்க வியாபாரத்துக்குத்தான் மாமா சொல்றேன்."

"வியாபாரம் கிடக்கட்டும்."

"யாரு, வெப்சைட் பொண்ணா? உள்ள வரச் சொல்லுங்கோ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கூடத்தில் ஹம்ஸா மாமி போனை மூக்கருகே பிடித்து, வந்திருந்த ஆர்டரை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"வாடிம்மா, உக்காரு. உன்னைப் பாக்கணும்னு இருந்தேன். இந்தப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும், நிறுத்தறதுக்கு மருந்து கிடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இடிஞ்சு உக்காந்துட்டேன். அப்பத்தான் நீ இந்த சைட்டைப் போட்டுக் குடுத்தே. தினம் கார்த்தால எழுந்ததும் இதைத்தான் படிச்சுப் பாப்பேன். அன்னிக்குத் தெரிஞ்ச மாதிரியே இன்னிக்கும் தெரியறது. அந்தத் தெம்புலதான் இன்னும் அடுப்பு மூட்டறேன். என்னிக்கு இது தெரியலையோ, அன்னிக்கு நான் படுத்துடுவேன்."

ரஞ்சனி மாமியின் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

மாமி குரலைத் தாழ்த்தினாள். "ஒரே ஒரு சந்தேகம். எனக்குத் தெரியாம இவர்தான் எழுத்தைப் பெருசு பண்ணிண்டே வராரோன்னு. கேட்டா சத்தியமா இல்லைங்கறார். சைட்டைப் போட்டவ நீ. நீ உள்ளதைச் சொல்லு."

வரது மாமியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ரஞ்சனியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மாமாவுக்கு அதெல்லாம் எங்க மாமி தெரியப் போகுது? எழுத்தை மாத்தணும்னா நான்தான் மாத்தணும்" என்றாள் ரஞ்சனி. "அன்னிக்குப் போட்ட அளவுலதான் இன்னிக்கும் இருக்கு."