மோட்டார் பெட்டிக்குள் இடம் பிடித்த கதை

வயல் மோட்டாரை ஓட்டுகிற பெட்டிக்குள், ஒரே மெமரி சிப்பில் இரண்டு அறைகள் இருந்தன. கரண்ட் வந்ததும் பெட்டியை எழுப்பிவிடுவது அண்ணன் அறை. மோட்டார் ஓடிய நேரத்தை எழுதி வைப்பது தம்பி அறை. தம்பிக்கு இடம் போதவில்லை.

“ஒரு நிமிஷ வேலைக்கு உனக்கெதுக்குண்ணே இவ்வளவு இடம்?” என்று சுவரைத் தள்ளியது.

“டேய், உனக்கு அந்தப் பக்கம் சிப்பு காலியாத்தானே கிடக்கு! எழுதினதை வெளியே எடுத்து வச்சிட்டு, அங்கே நீட்டிக்கோயேன்.”

“அதையெல்லாம் யாரு சுமக்கிறது?” என்று அண்ணனையே மொத்தமாக விழுங்கிவிட்டது தம்பி. ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நிற்கவேயில்லை.

“பாத்தீங்களா, அண்ணன் இல்லாமலே ஓடுது!” என்று அதையும் பெருமையாக எழுதத் தொடங்கியது.

பாதி வரியில் கரண்ட் போனது.

மத்தியானமே கரண்ட் திரும்பி வந்துவிட்டது. தம்பிதான் இன்னும் தூங்குகிறது, நல்ல விசாலமாக.